மண் பிசையக் கடல் கடந்தவர்

உங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவில் விருத்தாசலத்துப் பொம்மை இருக்கிறதா? எங்கள் நல்லூர்ப் பக்கம் அது இல்லாத கொலுவைப் பார்ப்பது அபூர்வம். கிளி, குதிரை, பிள்ளையார் என்று எத்தனை விதம்! கூழ் போலக் கரைத்த வெள்ளைக் களிமண்ணை அச்சில் ஊற்றுவார்கள். இறுகியதும் எடுத்துக் காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசுவார்கள். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. இந்தத் தொழில் இங்கே வேர்விட அதுவும் ஒரு காரணம்.

நான் ஆசிரியராக இருந்தபோது என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா சக்கரத்தில் சட்டி பானை வனைபவர். பாடம் நடக்கும்போது அவன் பெஞ்சுக்கு அடியில் களிமண்ணை உருட்டிக்கொண்டே இருப்பான். ஒரு நாள் கோபத்தில், "படிக்காவிட்டால் நீயும் மண் பிசையத்தான் போகிறாய்!" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து அவன் மண் கொண்டு வரவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு புதுச்சேரியில் குடியேறிய ஓர் அமெரிக்கத் தம்பதியைப் பற்றிப் படித்தேன். அன்றைக்குத்தான் அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அவர்கள் கதையைக் கேளுங்கள்.

அவர்கள் பெயர் டெபோரா ஸ்மித், ரே மீக்கர். இருவரும் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ரே முதலில் படித்தது கட்டடக் கலை. பிறகு மண்பாண்டக் கலைக்கு மாறினார். டெபோராவுக்கு ஜப்பானிய மொழி தெரியும். படித்த பெண், அமெரிக்காவில் நல்ல வேலை தேடிக்கொண்டிருக்கலாம். அவரோ ஜப்பானில் பிஸன் என்ற ஊருக்குப் போய், யமமோட்டோ டோஷு என்ற மண்பாண்டக் கலைஞரிடம் தொழில் பழகினார். இந்த யமமோட்டோவை 1987-ல் ஜப்பான் அரசு 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று கௌரவித்தது. பானை வனைபவருக்கு அங்கே எவ்வளவு பெரிய மரியாதை, பார்த்தீர்களா?

பிஸன் மண்பாண்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அதற்கான மண் நெல் வயலுக்கு அடியிலிருந்து தோண்டப்படுகிறது. பாத்திரத்துக்கு மேல்பூச்சும் வண்ணமும் கிடையாது. பைன் மர விறகை இரவும் பகலும் போட்டுப் பத்து நாளுக்கு மேலும் சூளையை எரிப்பார்கள். பறக்கும் சாம்பல் பாத்திரத்தில் படிந்து, உருகி, தானே மினுமினுப்பாகிவிடும். சிலவற்றின் மேல் வைக்கோலைச் சுற்றி வைப்பார்கள். வைக்கோல் எரிந்த இடமெல்லாம் நெருப்புச் சிவப்பில் கோடு விழும்! நம் ஊரில் வயல் உண்டு, வைக்கோல் உண்டு, சூளையும் உண்டு. இந்த வேடிக்கை மட்டும் நமக்குத் தெரியாமல் போயிற்று.

ஜப்பானில் புதிதாகத் தொழில் பழக வருபவரைச் சக்கரத்தில் உடனே உட்காரவிட மாட்டார்கள். பட்டறையைப் பெருக்க வேண்டும், விறகு அடுக்க வேண்டும், மண் பிசைய வேண்டும். ஆமாம், மண் பிசைவதே அங்கே ஒரு பெரிய பாடம்! உள்ளே காற்றுக் குமிழி தங்காதபடி, சாமந்திப்பூ இதழ் போல மடிப்பு விழ மண்ணை உருட்டிப் பிசைவார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. அமெரிக்காவில் சக்கரம் பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுற்றும், ஜப்பானில் வலஞ்சுழி. அங்கே பழகிய கை இங்கே வந்தால் எல்லாவற்றையும் மாற்றிப் பழக வேண்டும். இடது கையால் எழுதிப் பாருங்கள், அந்தக் கஷ்டம் புரியும்.

பிறகு டெபோரா ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தை நாடிப் புதுச்சேரிக்கு வந்தார். ரேயும் வந்து சேர்ந்தார். 1971-ல் இருவரும் 'கோல்டன் பிரிட்ஜ்' என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். பொன் பாலம் என்று அர்த்தம்.

நம் பானைகளுக்குச் சுமார் 800, 900 டிகிரி சூடு போதும். இவர்கள் செய்ய விரும்பிய பாத்திரம் சுமார் 1,300 டிகிரியில் வேக வேண்டும். அவ்வளவு சூட்டைத் தாங்கும் மண் வேண்டும், சூளையும் வேண்டும். சவுக்கு விறகுச் சூளையில் சுட்டார்கள். உள்ளூர் ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள். தட்டு, கிண்ணம், தேநீர்க் கெண்டி என்று தினமும் வீட்டில் புழங்கும் சாமான்களே அதிகம். இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வந்து ரேயிடம் பழகிப் போனார்கள். இன்று புதுச்சேரி, ஆரோவில் பக்கம் இத்தனை மண்பாண்டப் பட்டறைகள் இருப்பதற்கு இந்தத் தம்பதிதான் முக்கியக் காரணம்.

ரேக்கு 1980களில் ஒரு விசித்திர யோசனை வந்தது. பானையைச் சுடுகிறோம், வீட்டையே சுட்டால் என்ன? பச்சை மண் செங்கல்லால் வீடு கட்டி, உள்ளே செங்கல், ஓடு எல்லாம் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி நாள் கணக்கில் எரித்தார். நெருப்பு அணைந்தபோது சுவர் சுட்ட செங்கல் சுவராகியிருந்தது. உள்ளே அடுக்கியதும் வெந்திருந்தது! இப்படிப் பல வீடுகளைச் சுட்டுப் பார்த்தார். ஆனால் இந்த முறை ஊரெங்கும் பரவவில்லை. கடைசியில் அதை விட்டுவிட்டுச் சிற்பம் செய்யத் திரும்பினார். ஊர் பேர் தெரியாத தேசத்தில் தோற்றாலும் பரவாயில்லை என்று ஒரு வீட்டையே எரித்துப் பார்க்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இப்போது உங்களுக்கு ஒரு சின்னச் சோதனை. வீட்டில் உள்ள பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பூச்சு இல்லாத வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடைந்த மண்பானை ஓட்டிலும் ஒரு சொட்டு விடுங்கள். நன்றாக வெந்த கோப்பையில் சொட்டு அப்படியே நிற்கும். பானை ஓடு குடித்துவிடும். குறைந்த சூட்டில் வெந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மூடாமல் இருப்பதுதான் காரணம். பானைத் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே ஜில்லென்று இருக்கிறது.

பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நானும் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன், கரும்பலகையில் படம் போட்டு. மூன்றாவது பெஞ்சில் பானை செய்பவர் மகன் உட்கார்ந்திருந்தான். அவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.