ஊமைத்துளைகள்

கருந்துளை முழுக்கக் கருப்பில்லை, மெல்லிய வெப்பக் கதிர்வீச்சைக் கசியவிடும் என்று 1974இல் ஸ்டீஃபன் ஹாக்கிங் கணக்குப் போட்டுச் சொன்னார். சரிபார்ப்பதுதான் பாடு. சூரியனளவு நிறையுள்ள கருந்துளையின் ஹாக்கிங் வெப்பநிலை, ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைச் சுற்றியுள்ள வெட்டவெளியோ 2.7 கெல்வின். உச்சிவெயிலில் மின்மினி தேடுகிற கதை.

சரி, வானத்துல பார்க்க முடியலன்னா வேறெங்கே பார்ப்பது? 1981இல் வில்லியம் அன்ரூ ஒரு வழி சொன்னார்: ஓடுகிற திரவத்தில்.

ஆறு ஒன்று போகப்போக வேகமெடுக்கிறது. ஓரிடத்தில் நீரோட்டம், நீரில் ஒலி செல்லும் வேகத்தையே மிஞ்சிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அந்தப்பக்கம் இருந்துகொண்டு எவ்வளவு கத்தினாலும் சத்தம் மேலேறி வராது. ஆறு அதையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். ஒளிக்குக் கருந்துளை எப்படியோ, ஒலிக்கு இந்த இடம் அப்படி. அதனால்தான் இதை ஊமைத்துளை என்றார்கள். வெறும் உவமை இல்லை; அங்கே ஒலியலைக்கான சமன்பாடும் கருந்துளையருகே அலைகளுக்கான சமன்பாடும் ஒரே வடிவம். அப்படியென்றால் ஊமைத்துளையும் ஹாக்கிங் சொன்னதுபோல் ஒலியைக் கசியவிட வேண்டும்.

இதன் தலைகீழ் வடிவம் உங்கள் வீட்டிலேயே உண்டு. குழாயைச் சீராகத் திறந்து, தண்ணீரைத் தட்டையான தட்டின்மேல் விழவிடுங்கள். நடுவில் மெல்லிசாய், வேகமாய்ப் பரவுகிற வட்டம். அதைச் சுற்றி மேடாய் ஒரு வளையம். வெளியிலிருக்கும் சிற்றலைகள் வளையத்தைத் தாண்டி உள்ளே நுழைய முடியாது. உள்ளே போகவே முடியாத இது வெண்துளை.

ஆனால் ஹாக்கிங் கதிர்வீச்சின் குவாண்டம் கிசுகிசுப்பைக் கேட்கத் தட்டுத்தண்ணீர் போதாது. இஸ்ரேலின் டெக்னியானில் ஜெஃப் ஸ்டைன்ஹவர், சில ஆயிரம் ரூபிடியம் அணுக்களைப் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளாகக் குளிர்வித்தார். அதில் ஒலியின் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, முந்துவது சுலபம். ஹாக்கிங் கதிர்வீச்சு சோடிசோடியாக வரும்: ஒன்று வெளியே தப்பும், ஒன்று உள்ளே விழும். ஆயிரக்கணக்கான முறை சோதனையை ஓட்டி, எல்லையின் இருபுறமும் அந்தச் சோடிகளின் பொருத்தத்தைத் தேடினார். 2016இல் வந்த முடிவைச் சிலர் கேள்வி கேட்டார்கள். 2019இல் அவர் குழு வெப்பநிலையையும் அளந்தது: சுமார் 0.35 நானோகெல்வின். கோட்பாடு சொன்னதும் அதுவே.

இப்போ ஹாக்கிங் சொன்னது நிரூபணமாகிவிட்டதா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ரூபிடியத்துக்கு ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடு தெரியாது. கருந்துளை ஆவியாகி முடியும்போது உள்ளே விழுந்த தகவல் என்னவாகும் என்றும் அது சொல்லாது.

அப்போ எதுக்கு இந்தப் பாடு? ஹாக்கிங் கணக்கில் ஒரு நெருடல் இருந்தது. வெளிவரும் அலையைப் பின்னோக்கித் தேடிப்போனால், எல்லையருகே அதன் அலைநீளம் நமக்குத் தெரிந்த இயற்பியலே செல்லாத அளவுக்குச் சுருங்கிவிடும். அங்கே செல்லாத கணக்கின் விடையை எப்படி நம்புவது? திரவத்திலும் இதே கதைதான்: அணுக்களின் இடைவெளிக்குக் கீழே 'ஒலி' என்பதற்கே பொருளில்லை. இருந்தும் கதிர்வீச்சு வருகிறது. அடிமட்ட நுணுக்கம் எதுவானாலும் விடை பெரிதாக அசையாது என்ற நம்பிக்கையை இது கூட்டுகிறது.

மின்மினியை இன்னும் பார்க்கவில்லை. அது மினுங்கும் விதம் சரிதான் என்று மட்டும் தெரிகிறது.