குறிப்பேடு இல்லாத பேராசிரியர்

மயில்துத்தத்தைச் சூடாக்கினால், அதிலுள்ள நீர் அகன்று, நீல நிறம் மறைந்து வெண்பொடி எஞ்சுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். சில துளி நீர் விட்டால் நீலம் மீண்டும் தோன்றுகிறது. செம்பு அயனியைச் சூழ்ந்து நிற்கும் நீர் மூலக்கூறுகள் அதன் எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளை மாற்றியமைப்பதே இதற்குக் காரணம். இவ்வாறு உலோக அயனியைச் சூழ்பவற்றை 'ஈனிகள்' என்பர். அவற்றால் விளையும் மாறுதலைக் கணித வழியில் விளக்குவது ஈனிப் புலக் கொள்கை. இக்கொள்கையை விரிவாக வளர்த்த சீன அறிஞர்களுள் தலையாயவர் தாங் ஆவோசிங்.

இவர் 1915ஆம் ஆண்டு சியாங்சு மாகாணத்து யீசிங்கில் பிறந்தார். 1936இல் பீக்கிங் பல்கலைக் கழகத்தில் இரசாயனம் பயிலத் தொடங்கினார். அடுத்த ஆண்டே போர் மூண்டது. பல்கலைக் கழகம் முதலில் சாங்சாவுக்கும், பின்னர் தென்மேற்கிலுள்ள குன்மிங்குக்கும் இடம் பெயர்ந்தது. 1938இல் மாணவர் குழுவொன்று அந்நெடுவழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்தது. தாங்கும் அவர்களுள் ஒருவர். கல்வியை விடாது பற்றி, 1940இல் பட்டம் பெற்றார்.

1946இல் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக் கழகத்தில் 1949ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். 1950இல் தாயகம் திரும்பிப் பீக்கிங் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். ஆனால் ஈராண்டுகளிலேயே தலைநகரை விட்டு நீங்கினார். குளிர் மிகுந்த வடகிழக்கு நகரமாகிய சாங்சுனில் புதிய இரசாயனத் துறை ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. ஆய்வுப் புகழ் தேடும் இளம் அறிஞர் ஒருவருக்கு இஃது எளிய முடிவன்று. சக பேராசிரியர் சிலருடன் அங்குச் சென்று, அடித்தளத்திலிருந்தே அத்துறையை எழுப்பினார். அப்பல்கலைக் கழகமே பின்னர் ஜீலின் பல்கலைக் கழகம் எனப் பெயர் பெற்றது.

தாங்குக்குக் கடுமையான கிட்டப் பார்வை. ஏட்டைப் பார்த்துப் படிப்பது அரிதாதலால், நீண்ட கணித நிரூபணங்களையும் நினைவிலிருந்தே வரிவரியாகக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தார். 1963 முதல் 1965 வரை, பல பல்கலைக் கழகங்களின் ஆசிரியர்களைச் சாங்சுனில் கூட்டி, ஈனிப் புலக் கொள்கையைக் கற்பித்தவாறே அவர்களுடன் ஆராய்ந்தார். அப்பணிக்கு 1982இல் சீனாவின் தேசிய இயற்கை விஞ்ஞான முதற்பரிசு கிடைத்தது.

1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியால் பத்தாண்டுகள் உயர்கல்வி சீர்குலைந்து கிடந்தது. அதன் பின்பு, 1978இல் ஜீலின் பல்கலைக் கழகத்தின் தலைமையை ஏற்று, 1986 வரை வகித்தார். அவ்வாண்டு நிறுவப்பட்ட தேசிய இயற்கை விஞ்ஞான நிதியத்தின் முதல் தலைவரும் அவரே. 2008இல் மறைந்தார்.

தம் சூத்திரங்களைத் தமக்கென வைத்துக்கொண்டு, தாமே மேலும் பல கட்டுரைகளை அவர் எழுதியிருக்கலாம். அவரோ அவற்றை மற்றவர்க்குக் கற்பிக்கத் தம் காலத்தைச் செலவிட்டார். அவரிடம் கற்ற ஆசிரியர்கள் பல பல்கலைக் கழகங்களில் அத்துறையைத் தொடர்ந்து வளர்த்தனர். கற்றதைப் பகிர்ந்தால் அது குறைவதில்லை என்பதற்கு அவர் வாழ்வு நல்லதொரு சான்று.