உடுவில் அம்மையார்

தமிழாசிரியன் ஒருவனுடைய மேசையில் வேறெந்நூல் இல்லாவிடினும் வின்சுலோ அகராதி இருத்தல் வேண்டும் என்பது, யான் மாணவனாயிருந்த காலத்தில் எம் ஆசிரியர் எமக்கு இட்ட கட்டளை. 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டு 1862ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த அப்பெருநூலுக்கு அத்திவாரம் இடப்பட்டது யாழ்ப்பாணத்திலேயாம். நைற் பாதிரியார் தொடங்கிய சொற்றொகுப்பு, நம்மூர்ப் புலவர் பலருடைய உழைப்பினால் வளர்ந்து, ஈற்றில் மைரன் வின்சுலோ பாதிரியார் கையில் நிறைவெய்திற்று. ஆதலின் அப்பாதிரியார் பெயரை அறியாத தமிழறிஞர் இலர். அவருடைய முதன் மனைவியாரின் பெயரை அறிந்தோர் எத்துணையர்? பண்டிதப் பட்டம் பெற்ற பின்னரும் யான் அறிந்திலேன். எனக்கு அறிவித்தவர் என் அன்னையார்.

அன்னையார் உடுவில் மகளிர் கல்லூரி விடுதியிலே 1950களிற் கற்றவர். கிறித்தவக் குடியிற் பிறந்து சைவக் குடியில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் வீட்டு மாடத்தில் தந்தையாரின் திருநீற்றுக் குடுவையும் அன்னையாரின் வேதாகமமும் அருகருகே இருந்தன. வெள்ளிக்கிழமைகளிற் குசினி தந்தையார் பக்கம் சாயும். நத்தார் வந்தால் அன்னையார் பக்கம் சாயும். மற்றைய நாள்களில் அவ்விருவர்க்குமிடையே சமய வழக்கு எழுந்ததாக யான் அறியேன். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டுதற்கு முன்னர் வேதாகமத்தில் ஓர் அதிகாரம் படித்து முடிப்பது அவர் வழக்கம். படித்ததைப் பிறர்க்குப் போதிப்பதில்லை. ஆயினும் ஹரியற் வின்சுலோ அம்மையாரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தார். பக்கத்து ஊரில் வாழ்ந்த பெரியதாயார் ஒருவரைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார்.

ஹரியற் அம்மையார் 1796ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் என்னும் ஊரிற் பிறந்தவர். 1819 ஜனவரியில் மணம். ஜூனில் பொஸ்டன் துறைமுகத்திற் கப்பலேற்றம். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துமூன்று. ஸ்கடர், ஸ்போல்டிங், வூட்வேட் என்பாரும் தத்தம் மனைவியரோடு அக்கப்பலிலேயே வந்தனர். கல்கத்தா வழியாக யாழ்ப்பாணம் அடைந்து, 1820ஆம் ஆண்டு வின்சுலோ தம்பதியர் உடுவிலிற் குடியேறினர். பறங்கியர் காலத்திலே கட்டப்பட்டுப் பாழடைந்து கிடந்த கோயில்களையும் மனைகளையும் திருத்தியே அக்கால மிசனரிமார் வாழ்ந்தனர் என்பது நம் வாசகர் அறிந்ததே.

வந்தோர் வந்தபடியே நிற்க, பின் வருவோர்க்கு வழி அடைபட்டது. அச்சுத்தொழில் அறிந்த அமெரிக்கர் ஒருவர் 1820இல் வந்திறங்கியபொழுது, அக்காலத்தில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பாண்ஸ் அவரைத் தங்கவிடாது திருப்பியனுப்பினார். புதிய அமெரிக்க மிசனரிமார் இலங்கைக்கு வருதல் ஆகாது என்னும் அத்தடை 1833 வரை நீங்கவில்லை. பதின்மூன்று ஆண்டு, ஒருசில குடும்பங்களே எல்லாப் பாரத்தையும் சுமந்தன. அம்மையார் உடுவிலில் வாழ்ந்ததும் ஏறக்குறைய அப்பதின்மூன்று ஆண்டே.

ஔவையாரையும் காக்கைபாடினியாரையும் பெற்ற மொழி நம் மொழி என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அம்மையார் வந்த காலத்து உடுவிலிலோ, ஏடு வாசிக்கும் குலமகளைக் காண்டல் அரிதாயிருந்தது. படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடையான் என்பது அன்றைய தாய்மாரின் அச்சம். அவ்வச்சத்தை முறித்த கதையொன்று உடுவில் விடுதியிலே வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. தையல் பழக வந்த சிறுமியர் இருவர், மாரிமழை விடாது பெய்தமையால் மாலையில் வீடு திரும்ப இயலாது மிசன் வீட்டிலேயே தங்கிவிட்டனராம். பசி பொறாது அங்கே சமைத்த உணவை உண்டனராம். வேற்றார் வீட்டுச் சோறு தின்ற பிள்ளை இனி நமக்காகுமா என்று வெகுண்டு வந்த தந்தையார், ஈற்றில் மனமிளகிப் பிள்ளையை அங்கேயே விட்டுச் சென்றாராம். விடுதிப் பள்ளி 1824இல் தொடங்கிற்று என்பது வரலாறு. மழை பெய்தது கதை. கதையைச் சொல்லி முடித்ததும் அன்னையார், “எங்கட பெட்டையளுக்குப் படிப்பு வாசலாலை வரேல்லை மோனை, குசினியாலை தான் வந்தது” என்று சொல்லிச் சிரிப்பார்.

சோறு மட்டுமா தந்தனர்? உடை தந்தனர். கல்வி முடியுமட்டும் இருந்து கிறித்தவ மணமகனைக் கொள்ளும் பெண்ணுக்குச் சீதனமும் தந்தனர். யாழ்ப்பாணத்தாரை நன்கு அறிந்த செயலென்றே இதனைச் சொல்லல் வேண்டும்! வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று வெளியேறும் இளைஞர்க்குக் கற்ற மனைவியர் வேண்டும் என்பதும், கற்ற தாயின் வழியே கிறித்துவின் செய்தி வீட்டுக்குள் நுழையும் என்பதும் அவர்தம் எண்ணம். அதனை அவர்கள் மறைத்தாரல்லர்; நாமும் மறைத்தல் வேண்டா. ஆண்டுதோறும் பொருளனுப்பும் அமெரிக்க அன்பர் விரும்பிய பெயர் இங்குள்ள பிள்ளைக்கு இடப்பட்டது. தமிழ்ப் பெயரை இழந்து அட்லாண்டிக் கடலுக்கப்பாற் பெயர் பூண்ட பிள்ளைகளை எண்ணும்பொழுது, தமிழாசிரியனாகிய என் நெஞ்சு உடன்படுவதில்லை. அன்னையாரிடம் இதைச் சொல்லி வழக்காடியதுண்டு. “பேரை மாத்தினாலும் எழுத்தை மாத்தேல்லைத் தானே” என்பதே அவர் விடை.

அம்மையாரின் மூத்த மைந்தன் சார்லஸ். 1821இல் உடுவிலிற் பிறந்தவன். இவ்வூர்ப் பிள்ளைகள் இருபதின்மருக்கும் முப்பதின்மருக்கும் தாயாயிருந்து எழுத்தும் ஊசியும் பழக்கிய அம்மையார், தம் பிள்ளையைத் தம்மோடு வைத்து வளர்க்க முடியவில்லை. மிசனரிமாரின் மக்கள் தாய்நாடு சென்று கற்றலே முறையென்று கருதப்பட்டது. கப்பல் சென்று சேர மாதம் பல. கடிதம் மீண்டு வர அத்துணை மாதம். அவ்வாறே சார்லசும் அனுப்பப்பட்டான். 1832 மே மாதம் நியூயோர்க் நகரிலே அவன் இறந்தான். வயது பதினொன்று.

எட்டு மாதம் நிறைதற்கு முன்னர், 1833 ஜனவரி 14ஆம் நாள், அம்மையாரும் உடுவிலிலே இறந்தார். முப்பத்தாறு வயது. குடியேற்றத் தடை நீங்கிய அதே ஆண்டில் அவர் தங்கையருள் ஒருவர் கணவரோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தமக்கையைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. காலப்போக்கில் வேறு தங்கையர் இருவரும் இப்பணிக்கே வந்தனர். ஒரு தாய் வயிற்றுப் பெண்கள் நால்வர், உலகின் மறுகோடியிலுள்ள ஒரு சிறு குடாநாட்டுக்கு மிசனரி மனைவியராக வந்தமை வியப்பன்றோ.

சிறுவன் இறந்த அதே 1832ஆம் ஆண்டு, செப்ரெம்பரில், சிறுப்பிட்டியிலே ஓர் ஆண்மகவு பிறந்தது. அதற்கு வழங்கிய கிறித்தவப் பெயர் சார்லஸ் வின்சுலோ கிங்ஸ்பெரி. பிற்காலத்திலே சைவராகித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே அக்குழந்தை. நம் பதிப்பாசிரியர் திலகம் இளமையிற் சுமந்த பெயரைக் காணுந்தோறும் எனக்கு நியூயோர்க்கில் மாண்ட சிறுவன் நினைவு வருகின்றது.

வின்சுலோ பாதிரியார் தம் மனைவியாரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்து, 1835இல் நியூயோர்க்கில் ஒரு வரலாற்று நூலாக வெளியிட்டார். அகராதி வெளிவருதற்கு இருபத்தேழு ஆண்டு முன்னர்! பாதிரியார் பின்னர் மறுமணஞ் செய்தார், சென்னைக்குப் பெயர்ந்தார், 1864இல் தாய்நாடு திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். (அமெரிக்க வெளியுறவுச் செயலாளராயிருந்த யோன் பொஸ்ரர் டலஸ், அம்மையாருடைய மகளின் பேரர் என்பதை அரசியல் அறிந்தோர்க்காகக் குறித்து வைக்கின்றேன்.)

அம்மையார் விட்ட பணியை ஸ்போல்டிங் தம்பதியர் ஏற்றனர். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் மணஞ்செய்யாது, தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பாது, 1879 வரை உடுவிலிற் கற்பித்து, ‘ஆயிரம் பெண்மக்களின் தாய்’ எனப் பெயர் பெற்றார். தொடக்கத்திற் கற்றாருடைய பேர்த்தியரும் அவரிடம் கற்றனர். இதன் விளைவு கிறித்தவ வீடுகளோடு நிற்கவில்லை. நம் பெண்களுக்கும் இத்தகைய விடுதிப் பள்ளி வேண்டும் என்று சைவப் பெருமக்கள் எண்ணியதன் பயனே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் உடுவிலுக்கு அண்மையில் மருதனார்மடத்தில் நிறுவிய இராமநாதன் கல்லூரி. என் தந்தையாரின் தமக்கையார் அங்கே கற்றவர். அத்தையும் அன்னையாரும் கூடினால் எந்தப் பள்ளி சிறந்தது என்னும் வழக்குத் தீர்வதற்குள் சோறு குழைந்துவிடும்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபொழுது, தந்தையார் அகராதியை எடுக்க எண்ணிப் பாரமென்று விட்டுவிட்டார். அன்னையார் வேதாகமத்தை ஓர் அரிசிப் பையினுள் வைத்துக் கொண்டுவந்தார். தங்கியிருந்த பள்ளிக்கூட விறாந்தையில் அயற்குடும்பத்துச் சிறுமியர்க்கு மணலில் எழுத்துப் பழக்கியதும் அவரே. அடுத்த ஆண்டு மீண்டு வந்தபொழுது அகராதியில் எஞ்சியது அட்டை மட்டுமே. மற்றதெல்லாம் கறையான்.

அன்னையார் மறைந்த பின்னர் அந்த வேதாகமத்தைத் திறந்தேன். கிறித்தவக் குடும்பங்களின் வழக்கப்படி முகப்பேட்டிலே பிறப்பும் இறப்பும் எழுதப்பட்டிருந்தன. என் பெயருக்கு மேலே, யான் ஒருபொழுதும் கேட்டறியாத ஒரு பெண்குழந்தையின் பெயர். அதன் எதிரே இரண்டு திகதிகள், பதினெட்டு நாள் இடைவெளி. வேறு ஒரு சொல்லும் இல்லை. சார்லசின் கதைக்கு வந்ததும் அன்னையார் எழுந்து குசினிக்குப் போய்விடுவார். மிச்சத்தை எப்பொழுதும் மறுநாளே சொல்லுவார்.