நட்ட முடி தும்பு மாதிரி வந்தால்...



வழமையாக இந்தப் பக்கத்தில் செக், கடன், கடை வாடகை என்று எழுதுபவன், இந்தக் கிழமை தலைமுடியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. துருக்கிக்குச் சரக்கெடுக்கப் போகும் நம்மவர்களில் சிலர் லாலெலியிலும் மெர்தரிலும் துணி பார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கூடுதலாக நின்று, தலையில் முடியும் நட்டுக்கொண்டு வருகிறார்கள். இஸ்தான்புல் விமான நிலையத்தில் நெற்றியில் பட்டியும் பின்தலையில் கட்டுமாக வரிசையில் நிற்கும் ஆண்களைக் கண்டவர்களுக்கு இது புதினமல்ல. நானும் 2023 நவம்பரில் அந்த வரிசையில் நின்றவன்தான்.

அண்மையில் தெரிந்தவர்கள் மூன்று பேர் தனித்தனியே வந்து, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "நானா, முடி வந்திருக்கு. ஆனா கம்பி மாதிரி முறுகி முறுகி வருது. பழுதாப் போச்சா?"

பெரும்பாலும் பழுதாகவில்லை. அது கடந்து போகிற ஒரு கட்டம். அது தெரியாததால் நான் ஏமாறப் பார்த்தேன். அந்த நட்டம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நடந்தது

விமான நிலையத்திலிருந்து கூட்டிப் போவது, ஹோட்டல், சிகிச்சை எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் யூரோவுக்கு மேல் கொடுத்தேன். அந்தக் காசு என் கைக்காசு அல்ல. நோன்புப் பெருநாள் சரக்குக்கென்று கடையில் ஒதுக்கி வைத்தது. பங்காளியான தம்பியிடம் சொல்லாமல் எடுத்தேன். இதுதான் என் முதல் தவறு.

மார்ச் மாதம் நோன்பு தொடங்கும்போது சரக்குக் குறைவாக இருந்தது. என் தலையிலோ புதுமுடி முளைத்துக்கொண்டிருந்தது. ஏப்ரலில் பெருநாள் சனம் கடைக்குள் நிற்கும்போது முன்தலை முடி தும்பு போல வறண்டு, சுருண்டு, எந்தப் பக்கமும் படியாமல் நின்றது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், "முதலாளி, தலையில தும்புத்தடியா வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து கடைக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை.

மே மாதம் அந்த கிளினிக்கின் ஏஜென்ட்டுக்கு வட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். "இது அடர்த்தி போதாததால் அப்படித் தெரிகிறது. இன்னும் 1500 நட்டால் சரியாகிவிடும், உங்களுக்குப் பாதி விலை" என்று பதில் வந்தது. பாதி விலை என்றால் நம் ஆட்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

தம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நானா, இந்தத் தடவையும் கடைக் காசுலயா?"

எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அடுத்த நாளே கொழும்பில் ஒரு சரும நோய் வைத்திய நிபுணரிடம் போனேன். அவர் தலையைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், ஒன்றும் செய்யாமல் ஒரு வருடம் இருங்கள். அதுதான் மருந்து" என்றார். பிறகு ஏன் என்று விளக்கினார். அன்று கேட்டதையும் அதன் பின் தேடிப் படித்ததையும்தான் கீழே தருகிறேன்.

மாதக் கணக்கு

முடி நடுவது என்றால் புதிய முடியை உண்டாக்குவதல்ல. பின்தலையில் இருக்கும் முடியை வேரோடு எடுத்து முன்னால் வைப்பது. இப்போது பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் அளவான, அல்லது அதைவிடச் சிறிய குழாய் போன்ற கருவியால் ஒவ்வொரு வேராக எடுக்கிறார்கள். ஒரு கிராப்ட் என்பது ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்த ஒரு சிறு கொத்து.

முதல் பத்துப் பன்னிரண்டு நாளில் பொருக்கு உதிரும். இரண்டாவது கிழமைக்கும் இரண்டாவது மாதத்துக்கும் இடையில் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். கொட்டுவது முடிதான், வேர் உள்ளே ஓய்வில் இருக்கிறது. மூன்றாம் நான்காம் மாதத்தில் புதுமுடி வெளியே வரும். இப்படி வரும் முதல் முடிதான் நம்மைக் குழப்புவது. சிலருக்குப் பூனை முடி போல மெல்லியதாக வரும். சிலருக்குக் கம்பி போல விறைத்து, முறுகி, பளபளப்பில்லாமல் வரும். முன்பு நேரான முடியுள்ளவருக்கும் சுருள் முடி வருவதுண்டு. ஆறாம் மாதத்துக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துப் படியத் தொடங்கும். ஒரு வருடத்தில் பெரும்பாலும் சரியாகும். சிலருக்கு, குறிப்பாக உச்சந்தலையில், பதினெட்டு மாதம் வரை செல்லும்.

ஏன் முறுகுகிறது?

வீட்டில் இடியப்பம் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். உரலின் அச்சு நேராக இருந்தால் இடியப்பம் ஒரே சீராக இறங்கும். அச்சு நசுங்கியிருந்தால் அதே மா முறுகிப் பிசிறு பிசிறாக இறங்கும். முடியின் வேர்ப்பையும் இப்படி ஒரு அச்சுத்தான். அதைத் தோண்டி எடுத்து, சில மணி நேரம் இரத்த ஓட்டம் இல்லாமல் வெளியே வைத்து, பிறகு வேறோர் இடத்தில் சொருகுகிறார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து எழும்பும்வரை அது உருவாக்கும் முடி ஒரே தடிப்பாகவும் நேராகவும் இராது.

இரண்டாவது காரணம் தழும்பு. வேர் வைத்த ஒவ்வொரு துளையைச் சுற்றியும் உள்ளே காயம் ஆறி, விறைப்பான இழையம் உண்டாகும். அது வேரைச் சுற்றி இறுக்கி, வெளியே வரும் முடியை வளைக்கும். காயத் தழும்பு முதலில் கெட்டியாக இருந்து, வருடம் போகப் போக மெதுவாவதை நம் கைகால்களிலேயே பார்த்திருக்கிறோம். தலையிலும் அதுவே நடக்கிறது. தழும்பு மெதுவாக, முடியும் படியத் தொடங்குகிறது.

மூன்றாவது எண்ணெய்ப்பசை. வேரோடு ஒட்டியுள்ள சிறிய சுரப்பிகள்தான் முடிக்கு இயற்கையான எண்ணெய் கொடுப்பவை. அவை பழைய நிலைக்கு வரும்வரை முடி வறண்டு, தும்பு போலத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியே வந்த முடி உயிரற்ற நார். ஏற்கெனவே முறுகி வந்த பகுதி தானாக நேராகாது. வேர் சீரான பின் கீழிருந்து வருவதுதான் நேராக வரும். முடி மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். ஆகவே வைத்தியர் அனுமதித்த பின் கத்தரிக்கோலால் நுனியை அவ்வப்போது வெட்டிவிட்டால், பழைய முறுகல் போய்ப் புதியது தெரியும்.

மாறாதது எது?

எல்லாம் மாறிவிடும் என்று சொன்னால் அதுவும் பொய் விளம்பரம். 1959இல் நியூயோர்க் வைத்தியர் நோர்மன் ஓரென்ட்ரைக் எழுதிய கட்டுரையில் ஒரு விடயத்தை எடுத்துக் காட்டினார். பின்தலை முடியை எங்கே நட்டாலும் அது பின்தலைக் குணத்தோடே வளரும். நட்ட முடி நிலைத்து நிற்பதற்குக் காரணமே இதுதான். ஆனால் அதே குணத்தால்தான் வேறுபாடும் வருகிறது. இயற்கையான நெற்றி ஓரத்து முடி மெல்லியது, பின்தலை முடி தடித்தது. அனுபவமுள்ள வைத்தியர் நெற்றி ஓரத்தில் ஒற்றை முடி கிராப்ட்டுகளை மட்டும், அதிலும் மெல்லியவையாகத் தெரிந்தெடுத்து, சரியான சாய்வில் வைப்பார். அவசரக்காரர் மூன்று முடிக் கொத்தை முன்னால் வைத்துவிட்டால், எத்தனை மாதம் பொறுத்தாலும் பிரஷ் போலத்தான் நிற்கும். தாடி முடியை எடுத்துத் தலையில் நட்டாலும் அது தாடி முடியாகவே வளரும்.

எனவே பதினெட்டு மாதம் வரை முறுகலைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம். அதன் பிறகும் மாறாவிட்டால், அது நிலையானதாக இருக்கலாம் என்று எண்ணி வைத்தியரோடு பேசலாம்.

முதலைத் தின்னாதீர்கள்

அந்தப் பாதி விலையை நான் ஏற்றிருந்தால் என்னவாகியிருக்கும்? பின்தலையில் எடுக்கக்கூடிய வேர்களுக்கு ஓர் எல்லை உண்டு. ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், வாழ்நாள் முழுவதற்கும் சில ஆயிரம்தான். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. வியாபார மொழியில் சொன்னால், அது வட்டியும் இலாபமும் இல்லாத முதல். எடுக்க எடுக்கக் குறையும். எனக்கு முதல் தடவையே 2800 எடுத்திருந்தார்கள். முறுகலுக்கு மருந்தென்று இன்னொரு 1500ஐ எடுத்து நட்டிருந்தால், அதுவும் முதலில் முறுகித்தான் வந்திருக்கும். நாளை உண்மையிலேயே தேவைப்படும்போது பின்னால் ஒன்றும் இருந்திராது. முதல் நடுகை முழுமையாகத் தெரிவதற்கு முன், அதாவது குறைந்தது ஒரு வருடத்துக்கு முன், இரண்டாவதைப் பற்றிப் பேசுபவர் உங்கள் தலையைப் பார்க்கவில்லை, உங்கள் லாச்சியைப் பார்க்கிறார்.

கவனிக்க வேண்டியவை

சலூனில் நேராக்கும் இரசாயனம் போடலாம் என்பார்கள். முடி சீராகும்வரை அது வேண்டாம். சூடான இரும்பும் வேண்டாம். சாயம் பூசுவதற்கும் வைத்தியரின் அனுமதி கேளுங்கள். கறுப்பு மருதோன்றி என்று விற்பதில் பிபிடி என்ற இரசாயனம் கலந்திருப்பதுண்டு. அது ஒவ்வாதவர்களுக்குத் தோலைப் புண்ணாக்கும். மெதுவான ஷாம்பூவும் முடியை மிருதுவாக்கும் கண்டிஷனரும் போதும்.

நம்மவர்களுக்கு இன்னும் இரண்டு விடயங்கள். முதல் நாட்களில் தலையைத் தொடவோ அதிகம் குனியவோ வேண்டாம் என்று வைத்தியர் சொல்வார். வுழூவின் மஸ்ஹையும் ஸுஜூதையும் அந்த நாட்களில் எப்படி நிறைவேற்றுவது என்று போவதற்கு முன்பே ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தன் சொந்த முடியை இடம் மாற்றி நடுவதைப் பல மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். அடுத்தவர் முடியை ஒட்டுவது வேறு விடயம். அடுத்தது உம்றா. சில மாதங்களில் உம்றா செல்லும் எண்ணமிருந்தால், நட்ட தலையில் சவரக்கத்தி படலாமா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். ஆண்களுக்கு மழிப்பதே சிறப்பு என்றாலும், முடியைக் குறைத்துக்கொள்ளவும் மார்க்கத்தில் இடமிருக்கிறது.

முறுகலுக்கு அவசரம் தேவையில்லை. ஆனால் சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டு போகும் வலி, பரவும் சிவப்பு, தோல் கறுத்துப் போவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

என் கணக்கு

வைத்தியர் சொன்னபடி ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, கடையில் அதே பல்புக்குக் கீழே, அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்தேன். மாத முடிவில் இருப்புக் கணக்கு எடுப்பது போல. கண்ணாடியில் தினமும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எட்டாம் மாதத்துப் போட்டோவையும் ஐந்தாம் மாதத்துப் போட்டோவையும் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது. பதினான்காம் மாதத்தில் சீப்புக்குப் படிந்தது. வலது பக்க நெற்றி ஓரத்தில் ஒரு சிறு இடம் மட்டும் இன்றும் கொஞ்சம் விறைப்பாக நிற்கிறது. அது அப்படியே இருக்கட்டும், அல்ஹம்துலில்லாஹ்.

கடையிலிருந்து எடுத்த காசை மாதாமாதம் என் பங்கிலிருந்து கழித்துக் கட்டி முடித்தேன். ஆனால் அந்த வருடப் பெருநாள் வியாபாரம் திரும்பி வரவில்லை. முடி நடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நடுவதானால் சொந்தக் காசில் நடுங்கள், பங்காளியிடம் சொல்லிவிட்டு நடுங்கள். காசைக் கொடுத்துவிட்டு வரும்போது பதினெட்டு மாதப் பொறுமையையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வாருங்கள்.