ஸ்பாஞ்ச் நிரம்பிவிட்டால்?

பிப்ரவரி 2 வந்தால் பள்ளிகளில் ஓவியப் போட்டி களைகட்டும். 1971இல் இதே நாளில்தான் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. பிள்ளைகளும் ஒரு குளம், இரண்டு கொக்கு, மூலையில் சூரியன் என்று வரைந்து பரிசு வாங்கிவிடுவார்கள். ஈரநிலம் என்றால் எது என்று கேட்டால்தான் விழிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அது புத்தகத்துச் சொல். ஏரி, கண்மாய், தாங்கல், ஊருணி, கழிமுகம், அலையாத்திக் காடு, ஏன், நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயல்கூட ஈரநிலம்தான் என்று சொல்லிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதிக்கு விளிம்புள்ள ஒரு தட்டும் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சும் போதும். தட்டின் ஒரு பக்கம் நோட்டை வைத்து உயர்த்தி, தாழ்ந்த பக்கம் நாலைந்து தீப்பெட்டிகளை வீடுகளாக நிறுத்துங்கள். நடுவே ஈர ஸ்பாஞ்சைக் குறுக்காக வைத்து, மேட்டிலிருந்து செம்மண் கரைத்த தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றுங்கள். தண்ணீர் தயங்கித் தயங்கி, கொஞ்சம் தெளிந்து இறங்கும். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு ஊற்றினால் ஒரே பாய்ச்சல், வீடுகள் மிதக்கும்.

"ஸ்பாஞ்ச் நிரம்பிட்டா என்ன சார் ஆகும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தால், பரிசை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஈரநிலம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதில்லை. பரவி நிற்க இடம் கொடுக்கிறது, பிறகு மெல்ல வெளியே விடுகிறது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் பள்ளிக்கரணையில் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலைச் சேர்கிறது. அந்தச் சதுப்பைக் குப்பைமேடும் சாலையும் கட்டடங்களும் தின்றது போக எஞ்சியதில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. இப்போது ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டி இன்னொரு டம்ளர் ஊற்றிக் காட்டுங்கள். 2015 சென்னை வெள்ளத்தைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

அதன்பின் ஏதாவதொரு ஏரிக்கரைக்கு அழைத்துப்போக வேண்டும். மதகு எது, கலிங்கு எது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் இலைக்கோழி கண்ணில் படும். நீண்ட விரல்களை அகல விரித்துத் தாமரை இலைமேல் அது நடப்பதைப் பார்க்க வேண்டும்! முட்டையை அடைகாப்பது அப்பா பறவைதான் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாகும்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியதில்லை. அங்கே வேட்டங்குடி சரணாலயக் கண்மாயில் தங்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்று ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை இனிப்பு கொடுக்கிறது.