வீட்டுக்கு மின் எடுக்கும் முன்: புவிக்கம்பியும் இணைய வயரும்

தம்பலகாமத்தில் உங்கள் சொந்த வளவுக்குத் திரும்பி, கிணறு இறைத்து, கூரையும் போட்ட பிறகு அடுத்த தேவை மின்சாரம். அதன் பின்னாலேயே பிள்ளைகளின் படிப்புக்கு றவுட்டரும் வந்துவிடும். பல காலம் பூட்டிக் கிடந்த வீட்டில் இவற்றைப் பொருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது புவிக்கம்பி.

புவிக்கம்பி எதற்கு?

நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று மின்சாரம். தண்ணீர்ப் பம்பி, குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றின் உள்ளே வயர் கழன்று உலோகத்தில் பட்டால் வெளிப்புறத்திலும் மின் ஏறும். புவிக்கம்பி சரியாக இருந்தால் அந்த மின் நிலத்துக்குப் போகும், ட்ரிப் சுவிட்சும் விழும். இல்லாவிட்டால் தொடுகிறவரின் உடலே அதற்கு வழியாகிவிடும்.

ஆளில்லாத வீடுகளில் செப்புக் கம்பியை யாரும் கழற்றியிருக்கலாம், எலியும் வயரைக் கடித்திருக்கலாம். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுந்தால் சுவிட்ச் வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். புவிக்கம்பி நல்லதா என்பதை மின்னியலாளர் கருவி வைத்து அளந்துதான் சொல்ல முடியும்.

பழைய வயரிங்கில் சிவப்பு, கறுப்பு, பச்சை இருக்கும். புதியதில் மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள். இரண்டும் கலந்திருக்கக்கூடும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி இணைக்க வேண்டாம்.

தோண்டும் முன்

புவிக்கம்பிக்கான செப்புக்கோலை ஆழமாக நிலத்தில் அடிக்க வேண்டும். அந்த இடம் மிதிவெடி அகற்றப்பட்டதா என்று கிராம உத்தியோகத்தரிடம் உறுதி செய்யாமல் தோண்டவோ அடிக்கவோ வேண்டாம். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி 119க்கு அறிவியுங்கள். காய்ந்த மண் மின்னை நன்றாகக் கடத்தாது. எனவே கோடையிலும் ஈரம் நிற்கும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

வயர் இழுக்கும்போது

தற்காலிகக் கொட்டிலுக்கு அயல் வீட்டிலிருந்து தகரத்தின் மேலாக வயர் இழுக்க வேண்டாம். தகர விளிம்பு வயரின் தோலை வெட்டினால் முழுக் கூரையிலும் மின் ஏறும். இணைய வயரை மின் வயரோடு ஒரே குழாயில் விடாமல் ஒரு சாண் தள்ளிக் கொண்டு செல்லுங்கள். கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும்.

அன்ரெனாவின் இரும்புக் கம்பத்துக்கும் புவித்தொடுப்பு தேவை. அதற்கெனத் தனியே ஒரு கோல் அடித்து விட்டுவிடாமல் வீட்டின் புவிக்கம்பியோடு சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டும் பிரிந்திருந்தால் மின்னல் நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு உங்கள் சாமான்களின் ஊடாகவே மின் பாயும்.

இடி மின்னல் காலம்

சித்திரையிலும், மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி அதிகம். முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே றவுட்டரின் மின் பிளக்கையும் ரெலிபோன், அன்ரெனா வயர்களையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. மின்னல் தலைக்கு மேல் வந்த பின் எந்த வயரையும் தொட வேண்டாம்.

யாருக்காவது மின் தாக்கினால் அவரைத் தொடாமல் முதலில் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு அம்புலன்சுக்கு 1990ஐ அழையுங்கள். வீதியில் மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் 1987இல் அறிவியுங்கள்.

இந்தப் பக்கத்தை வேலைக்கு வரும் மின்னியலாளரிடமும் காட்டுங்கள். புவிக்கம்பியை அளந்து காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.