படைப்பாற்றலைக் கண் அளந்துவிடுமா?

ஒரு செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டால், வீடு கட்டலாம் என்பதோடு ஒருவர் நின்றுவிடுவார். இன்னொருவர் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம், பொடித்துப் பாத்திரம் துலக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போவார். அமெரிக்க உளவியலாளர் ஜே.பி. கில்ஃபோர்டு பரவலாக்கிய இத்தகைய கேள்விகளும், 1966இல் பால் டாரன்ஸ் வெளியிட்ட தேர்வும்தான் படைப்பாற்றலுக்கு மதிப்பெண் போடும் முயற்சிகளில் பெயர்பெற்றவை. விடைகள் எத்தனை, எத்தனை வகை, எவ்வளவு அரிது, எவ்வளவு விரிவு என்று பார்ப்பார்கள். திருத்துபவர் மாறினால் மதிப்பெண்ணும் மாறலாம் என்பது இவற்றின் மீதான பழைய குறை. அகச்சிவப்பு ஒளியும் கேமராவும் கொண்டு விழியசைவைப் பதிவுசெய்யும் கருவி அந்தக் குறையைப் போக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கருவி பதிவுசெய்வது உண்மைதான். ஆனால் அது படைப்பாற்றலின் அளவு அல்ல, கவனத்தின் தடம்.

அந்தத் தடம் அற்பமானதல்ல. ஒரு புதிர்: வயிற்றில் அறுவை செய்ய முடியாத கட்டி. அதை அழிக்கும் அளவுக்கு வலுவான கதிர், வழியிலுள்ள நல்ல திசுவையும் அழித்துவிடும். என்ன செய்வது? உளவியலாளர் கார்ல் டுங்கரின் இந்தப் புதிருக்கு விடை, வலுக்குறைந்த பல கதிர்களைப் பல திசைகளிலிருந்து கட்டியில் குவியச் செய்வது. 2003இல் எலிசபெத் கிராண்ட், மைக்கேல் ஸ்பைவி இருவரும் இதைப் படமாகக் காட்டி, பார்ப்பவர்களின் கண்களைத் தொடர்ந்தார்கள். விடை கண்டவர்கள் தோலைக் குறிக்கும் கோட்டை மற்றவர்களைவிட அதிக நேரம் பார்த்திருந்தார்கள். பிறகு வேறு சிலருக்கு அந்தக் கோடு மெல்லத் துடிப்பதுபோல் காட்டினார்கள். மூன்றில் ஒருவர் அளவில் இருந்த வெற்றி மூன்றில் இருவர் அளவுக்கு உயர்ந்தது. பார்வையைத் திருப்பியதும் சிந்தனையும் திரும்பியிருக்கிறது. இதை நான் பெரிய கண்டுபிடிப்பாகவே கருதுகிறேன். 2015இல் கரோலா சால்வி குழுவினர் கண்டது வேறொரு பக்கம்: சொற்புதிர்களில் விடை சட்டென்று உதிக்கும் முன், மனிதர்கள் அதிகம் இமைக்கிறார்கள், புதிரிலிருந்து பார்வையை விலக்குகிறார்கள். ஒரு புதிரில் உற்றுப் பார்ப்பதும் மற்றொன்றில் பாராதிருப்பதும் விடைக்கு வழி என்றால், எந்த அசைவுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

போதிய தரவு சேர்ந்தால் கணினி இதையும் பிரித்தறியும் என்று வாதிடலாம். பிரித்தறியட்டும். அப்போதும் எந்த விடை படைப்பாற்றல் மிக்கது என்று முதலில் மனிதர்கள்தான் கணினிக்குச் சொல்லியாக வேண்டும். இந்தப் புதிர்களுக்குச் சரியான விடை முன்பே தெரியும். கவிதைக்கோ புதிய இயந்திரத்துக்கோ அப்படி ஒரு விடை கிடையாது. மனிதத் தீர்ப்பு வெறும் ருசிபேதம் என்பதும் சரியல்ல. துறை அறிந்தவர்கள் தனித்தனியே மதிப்பிட்டாலும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள் என்பதை உளவியலாளர் தெரசா அமாபிலே 1982இலேயே காட்டினார். டாரன்ஸ் சோதித்த மினசோட்டா குழந்தைகளை 50 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, மதிப்பெண்ணுக்கும் சொந்த வாழ்வின் படைப்பு முயற்சிகளுக்கும் ஓரளவு தொடர்பு இருந்தது. ஊரறிந்த சாதனைகளோடு தொடர்பு தென்படவில்லை. இத்தனை ஆண்டு பழகிய தேர்வுக்கே இதுதான் நிலை. ஆகவே விழியசைவை வைத்துப் பிள்ளைகளைத் தரம்பிரிக்க யாராவது முன்வந்தால், பெற்றோரும் ஆசிரியர்களும் மறுக்க வேண்டும். பிள்ளை வரைந்ததையும் எழுதியதையும் செய்ததையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.